அலகு குத்தும் இடம்

பத்திரிகை வேலையை விட்ட பிறகும் எனக்குக் கேள்வி கேட்கிற வேலைதான் கிடைத்தது. வாய்ப்புற்று வந்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகளிடம் தமிழில் பேசிப் பதில் வாங்க ஓர் ஆள் தேவைப்பட்டது. என்ன பழக்கம் இருந்தது, புண்ணை முதலில் எப்போது பார்த்தீர்கள், யாரிடம் முதலில் சொன்னீர்கள், எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டுப் பதில்களைக் கையிலிருந்த கருவியில் தட்டிப் போட வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு அவ்வப்போது போன் செய்து நிலைமை விசாரிக்க வேண்டும்.

ஆய்வை நடத்திய டாக்டர் ஒரு மலாய்ப் பெண். சத்தம் போட்டுப் பேசாதவர். பழக்கங்களைப் பற்றி அவருக்கு முன்பே தெரியும். தோட்டத்துத் தமிழர்கள் ஏன் இத்தனை தாமதமாக வருகிறார்கள் என்பதைத்தான் அவர் அறிய விரும்பினார்.

அந்த மனிதர் மனைவியோடு வந்தார். ரந்தாவ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். அறுபதை நெருங்கும் வயது, அகலமான தோள், நெஞ்சு வரை தாடி. தாடி ஏதோ நேர்த்திக்கடன் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. இடது கன்னத்தின் வீக்கத்தை மறைக்க வளர்த்தது என்பது கிட்டத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

டாக்டர் அவரை வாயைத் திறந்து மூன்று விரல்களை அடுக்கி உள்ளே வைக்கச் சொன்னார். ஒரு விரல்தான் போனது. விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது இடது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண், ஓரங்கள் தடித்துச் சுருண்டிருந்தன. வெளியே இரண்டு கன்னங்களிலும் சின்னக் குழிகள். அவை அலகு குத்திய தழும்புகள். பங்குனி உத்திரத்தில் அந்தத் தோட்டத்து முருகன் கோயிலுக்குத் தலைக்காவடி அவருடையது. ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியேறும் நீள வேலோடு அவர்தான் முன்னால் நடப்பார்.

பழக்கம் பற்றிக் கேட்டதற்கு ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொன்னார். லாரியில் ஏறிய காலத்திலிருந்து வெற்றிலை, பாக்கு, புகையிலை. தூக்கம் வராமலிருக்க இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். விரத நாட்களில் மட்டும் தொடுவதில்லை. புண்ணை எப்போது பார்த்தார் என்று கேட்டேன். போன தீபாவளிக்கு என்றார். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை எக்ஸ்ரேக்கு அழைத்துப் போனதும் அந்த அம்மா என்னைத் தேடி நடைக்கூடத்துக்கு வந்தார். தீபாவளி இல்லை என்றார். அதற்கு முந்தின பங்குனியிலேயே வந்ததாம். குத்திய வேலை உருவிய பிறகு வெளியே மூடிக்கொண்டதாம், உள்ளே ஆறவே இல்லையாம். திருநீறு வைத்து அடக்கிக்கொண்டிருந்தாராம். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அலகு குத்துன புண்ணு ஆறலன்னா ஊர்ல என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா சார்? அவர மட்டும் இல்ல. என்னையும் சேத்துத்தான் பேசுவாங்க."

எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத் தெரிகிற அளவுதான். என் அப்பா லிங்கிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணி, கணக்கு எழுதுபவர். யாழ்ப்பாணத்து வழி வந்த எங்கள் குடும்பம் திருவிழாவில் ஓரமாக நின்று தேங்காய் உடைத்துவிட்டு பங்களா பக்கம் திரும்பிவிடும். காவடி எடுப்பவர்களின் கணக்கு வேறு. விரதம் சுத்தமாக இருந்தால் வேல் இறங்கும்போது ரத்தம் வராது, உருவினால் தழும்புகூடத் தெரியாமல் மூடிக்கொள்ளும். ஆறாமல் சீழ் வைத்தால் ஒன்று கறி தின்றிருக்க வேண்டும், அல்லது தண்ணி போட்டிருக்க வேண்டும், அல்லது மனைவியோடு படுத்திருக்க வேண்டும். இதை யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். அடுத்த வருடம் தலைக்காவடி வேறொருவருக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

சதைத் துணுக்கின் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுதான். கழுத்துக்கு இன்னும் இறங்கவில்லை, உடனே அறுக்க வேண்டும் என்றார் டாக்டர். பங்குனி உத்திரத்துக்குச் சில வாரங்களே இருந்தன. உத்திரம் முடியட்டும் என்றார் லாரிக்காரர்.

அவருக்கு மலாய் நன்றாகத் தெரியும். இருந்தாலும் இதைத் தமிழில், என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "இந்த வருஷம் குத்தலன்னா நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் சார்."

டாக்டருக்குச் சொன்னேன். எதையும் குறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள் என்றார். இடது கன்னம் போகும், தாடையில் ஒரு பகுதி போகும், தொடையிலிருந்து சதை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைப்பார்கள், இனி அங்கே எதையும் குத்த முடியாது, காத்திருந்தால் கழுத்துக்கு வரலாம், அப்போது இந்த வாய்ப்பு இருக்காது. எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னேன்.

அவர் சிரித்தார். திறக்காத வாயால் சிரித்ததில் மூக்கிலிருந்துதான் சத்தம் வந்தது. "தொடைச் சதையில வேல் குத்துனா முருகன் கோவிச்சுக்குவாருலா."

மனைவி சிரிக்கவில்லை. போகும்போது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து பூசாரியிடம் பேச முடியுமா என்று கேட்டார். பூசாரி சொன்னால் கணவர் கேட்பாராம். தான் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிடுவாராம்.

போனேன். தோட்டத்து லயங்களை, அந்த வரிசை வீடுகளை, இடித்துப் பல காலம் ஆகிவிட்டது. ஆட்கள் ரந்தாவை ஒட்டிய தாமான் குடியிருப்பில் மலிவு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கோயில் மட்டும் செம்பனைக்குள் தனியாக நிற்கிறது. பூசாரி மற்ற நாட்களில் ஒரு தொழிற்சாலையில் காவலுக்கு நிற்பவர். லாரிக்காரரும் அவரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். புளி போட்டுக் குத்துவிளக்கைத் துலக்கிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். முடித்த பிறகும் துலக்கிக்கொண்டிருந்தார். பிறகு தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

போன வருடம் வேல் இறங்கவில்லை. வழக்கமான இடத்தில் வைத்து அழுத்தியபோது கன்னம் லாரி டயர் மாதிரி இருந்தது. பூசாரி ஒரு விரல்கடை தள்ளி வைத்துக் குத்தினார். கொஞ்சம் ரத்தம் வந்தது, திருநீற்றை அப்பி மறைத்தார். அப்போது லாரிக்காரர் பூசாரியைப் பார்த்தார், பூசாரியும் அவரைப் பார்த்தார். உறுமி அடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"நான் கேட்டா அவன் விரதத்த சந்தேகப்பட்ட மாதிரி ஆயிரும்லா," என்றார்.

இதை நீங்கள் அவரிடமே சொல்ல வேண்டும் என்றேன். பூசாரி விளக்குகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை லாரிக்காரருக்கு அறுவைக்கு நாள் கொடுத்தார்கள். இரண்டு முறையும் அவர் வரவில்லை. விரதம் தொடங்கியிருந்தார்.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் அந்த அம்மா போன் செய்தார். பூசாரி சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாராம், நானும் இருந்தால் நல்லது என்றார். நான் போனபோது லாரிக்காரர் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார், மஞ்சள் வேட்டி, கழுத்தில் மணி மாலை. தாடிக்குக் கீழே கழுத்தில் ஒரு புடைப்பு. முன்பு அதை நான் பார்த்ததில்லை.

பூசாரி உட்காரவில்லை. வாசற்படிக்கு உள்ளே நின்றபடியே சொன்னார்: "மச்சான், இந்த வருஷம் ஒனக்கு நான் குத்தல."

"நீ குத்தலன்னா வேற ஆளு குத்துவான். லிங்கிப் பக்கம் எத்தன பேரு இருக்கான்."

"போன வருஷமே எடம் மாத்தித்தான் குத்துனேன். வேலு எறங்குறதுக்கு முந்தியே உள்ள கல்லு மாதிரி இருந்துச்சு. இது வேலால வந்த புண்ணு இல்ல மச்சான். ஒன் வெரதத்துல குத்தம் இல்ல."

அந்த அம்மா சமையற்கட்டு வாசலில் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றார்.

"அப்ப ஏண்டா சொல்லல?" என்றார் அவர்.

"நீயும்தான சொல்லல."

அவர் நெடுநேரம் பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பூசாரியைப் பார்க்காமல் என்னிடம், ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க சார் என்றார்.

அறுத்தார்கள். கன்னம், தாடை, கழுத்தில் இடது பக்கத்து நெறிக்கட்டிகள் எல்லாம் போயின. நெறிக்கட்டிகளில் நோய் இருந்தது. முதல் முறை நாள் கொடுத்தபோதே வந்திருந்தால் கழுத்தில் இருந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். ஓர் ஆளை வைத்து அதைச் சொல்ல முடியாது, அதற்குத்தான் ஆய்வு என்றார்.

உத்திரத்தன்று கோயிலுக்குப் போனேன். தலைக்காவடியை வேறொருவர் எடுத்தார். பூசாரி குத்துவதற்கு முன் ஒவ்வொருவர் வாய்க்குள்ளும் கட்டைவிரலை விட்டுக் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள், பூசாரி பல் டாக்டராயிட்டாருலா என்று கிண்டல் செய்தார்கள். ஒருவரை மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அந்த ஆள் கோபமாகப் போய் வேறு கோயிலில் அலகு குத்திக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள்.

கதிர்வீச்சு முடிந்ததும் மீதிக் கேள்விகளைக் கேட்டேன். அவர் பேச்சு எனக்குப் புரியவில்லை, மனைவிதான் எடுத்துச் சொன்னார். எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். அந்த அம்மா அதை அப்படியே சொல்லவில்லை. "வெத்தலைன்னே போட்டுக்குங்க சார்," என்றார். போட்டேன். மருத்துவம் சொல்வதும் அதுதான்.

யாரிடம் முதலில் சொன்னீர்கள் என்பதற்கு, யாரிடமும் இல்லை. தாமதத்துக்கான காரணத்தில்தான் நானும் டாக்டரும் நின்றோம். பயம், அறியாமை, தூரம், நாட்டு மருந்து என்று கருவியில் பட்டியல் இருந்தது. எதுவும் பொருந்தவில்லை. நடந்ததை அவருக்கு விளக்கினேன். ஒருவர் பேரை ஒருவர் காப்பாற்றப் பார்த்தார்கள் என்றேன். 'மற்றவை' என்பதில் சேர்த்துவிட்டார்.

அதன் பிறகு போன்கள். உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. அதை அப்படிக் கேட்க முடியாது. எப்படி இருக்கிறார் என்று கேட்பேன். முதலில் கஞ்சி குடிக்கிறார் என்றார்கள். அடுத்த முறை வாசலில் உட்கார்கிறார் என்றார்கள். மறு பங்குனி தொடங்கியபோது பேசினேன். கழுத்தில் மறுபடியும் வந்துவிட்டதாம். இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். விழுங்க முடியவில்லை, குழாய் வழியாகப் பால் போகிறது.

தாமானில் தெரியுமா, உதவிக்கு யாராவது வருகிறார்களா என்று கேட்டேன்.

"திரும்பி வந்தது யாருக்கும் தெரியாது சார். பலகாரம், சோறுன்னு ஏதாவது கொண்டாந்து கொடுக்குறாங்க. வெரதம் இருக்காரு, சாப்புட மாட்டாருன்னு சொல்லிடுறேன்."

நம்புகிறார்களா என்றேன்.

"பங்குனி மாசம்லா சார்," என்றார். "யாரும் ஒண்ணும் கேக்கல."