நான் பார்த்து எடுத்த குழாய்

என் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஓர் இரும்புச் சாமான் கிடக்கிறது. நான்கு குழாய்கள் வளைந்து வளைந்து வந்து கடைசியில் ஒரே வாயாகச் சேரும். துருவேறி, ஒன்றுக்குள் பல்லி முட்டைகூட வைத்திருக்கிறது. போன வாரம் பழைய இரும்பு எடுக்க வந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னாங்கம்மா?" என்று கேட்டார். பேசச் சொன்னால் பொழுதுக்கும் பேசுகிறவள் நான். அன்று துவைத்த துணியையே மறுபடி அலசிக்கொண்டு நின்றேன்.

கல்வராயன் மலையில் நர்சாக வேலை பார்த்த காலத்தில் டிரைவரண்ணன் எங்களுக்கெல்லாம் பெரிய துணை. ராணுவம் கழித்துவிட்ட பழைய பெட்ரோல் பிக்கப் வண்டி ஒன்று வைத்திருந்தார். கச்சிராயபாளையத்திலிருந்து அரிசி, மண்ணெண்ணெய் ஏற்றிக்கொண்டு வருவார். மலையிலிருந்து கடுக்காயும் புளியும் இறக்குவார். பிரசவ வலி கண்ட பெண் யாராவது இருந்தால் மூட்டைகளை வழியிலேயே இறக்கிவைத்துவிட்டு அவளை ஏற்றிக்கொள்வார். எனக்கு அவர் அண்ணன் வயது. என்னை 'நர்சம்மா' என்றுதான் கூப்பிடுவார். நான் சிடுசிடுப்பேன், அவர் சிரிப்பார். பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லும் ஆள்.

அந்த வண்டிக்கு ஒரு வியாதி. என்ஜினிலிருந்து புகையை வாங்கி வெளியே விடும் வார்ப்பு இரும்புக் குழாயில் விரிசல். ஏற்றத்தில் வண்டி இருமல்காரர் மாதிரி 'பட் பட்'டென்று இருமிக்கொண்டே ஏறும். அந்த இருமலை மலையில் தெரியாதவர்கள் கிடையாது. ஊர்களெல்லாம் தார்ச்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒற்றையடிப் பாதையில் ஒரு மணி நேர நடை. நோயாளியை மூங்கிலில் போர்வை கட்டித் தூளியாகத் தூக்கிக்கொண்டு பாதி வழியில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கீழே கொண்டை ஊசி வளைவில் இருமல் கேட்டதும் எழுந்து நடந்தால், வண்டியும் தூளியும் சேர்ந்தாற்போலச் சாலைக்கு வந்துவிடும். டெலிபோன் இல்லாத மலையில் அதுதான் ஏற்பாடு. யாரும் பேசிவைத்துச் செய்த ஏற்பாடு இல்லை, தானாக அமைந்தது.

ஆனால் புகை வண்டிக்குள் வந்தது. முன் சீட்டில் உட்காரும் கர்ப்பிணிகள் பாதி வழியில் வாந்தி எடுத்தார்கள், ஒருத்தி மயங்கியே விழுந்தாள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்று நான் பிடித்த பிடியில் டிரைவரண்ணன் சேலத்துக்குப் போய் இரண்டு சாமான்கள் கொண்டுவந்து, தடுப்பூசிப் பெட்டி வைக்கும் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று, உடைத்துப்போட்ட வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய அதே மாதிரி வார்ப்புக் குழாய், கனமாக, அசிங்கமாக. இன்னொன்று பட்டறையில் புதிதாக வளைத்துப் பற்றவைத்த நான்கு குழாய் செட். புகை தனித்தனியாகப் போகும், என்ஜின் லேசாகும், ஏற்றத்தில் நன்றாக இழுக்கும் என்று பட்டறைக்காரர் சொன்னாராம். வேண்டாததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு.

டிரைவரண்ணன் கை வார்ப்புக் குழாய் மேலேயே இருந்தது. "இதப் போட்டா வண்டி பேச்சு பெருசா மாறாது நர்சம்மா. அது வேற மாதிரி உறுமும். மலைக்காரங்க நம்ம வண்டிய சத்தத்துலதான் தெரிஞ்சிக்கினு வராங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "மனுஷி உயிரப் பாப்பீங்களா, சத்தத்தப் பாப்பீங்களா? சீக்கிரமா ஏர்றதப் போடுங்க" என்றேன். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் அந்த நான்கு குழாயை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் கீழே இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சாலைகளில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள், பஸ் ஒன்றும் ஓடவில்லை. டிரைவரண்ணன் அணைக்கட்டு வாய்க்கால் கரையிலும் கரும்புத் தோட்டத்து வழியிலுமாகச் சுற்றி, புதுக் குழாய் மாட்டிய வண்டியை மேலே கொண்டுவந்துவிட்டார். போராட்டத்துக்குப் போன ஆட்கள் மலையில் பதுங்கியிருப்பதாக ஒரு பேச்சு. அதனால் போலீஸ் ஜீப்புகள் ஏறி இறங்கின. மலை ஜனங்களுக்கு அந்தப் போராட்டத்தில் பங்கு இல்லை. ஆனாலும் தெரியாத வண்டிச் சத்தம் கேட்டால் ஆணும் பெண்ணும் காட்டுக்குள் போய்விடுவார்கள்.

அந்த நாட்களில் ஒரு காலை, மேல் ஊர்ப் பக்கமிருந்து வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்: அந்த ஊரில் கால் வீங்கியிருந்த கர்ப்பிணிக்கு வலி வந்துவிட்டது, தூளி கட்டுகிறார்கள் என்று. அவளை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். இரண்டாவது பிரசவம், ரத்தம் இல்லாத உடம்பு. நானும் டிரைவரண்ணனும் உடனே கிளம்பினோம். வண்டி ஏற்றத்தில் வெண்ணெயாக ஏறியது. பார்த்தீர்களா என்று நான் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். பாதை வந்து சேரும் இடத்தில் நின்று காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. ஹாரன் அடிக்கச் சொன்னேன், அடித்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தார். பிறகு இரண்டு பேரும் நடந்தே மேலே ஏறினோம். பாதையிலும் ஆள் இல்லை, ஊரிலும் ஆள் இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் ஓடைப் பக்கம் மூங்கில் புதருக்குள் அவர்களைக் கண்டுபிடித்தோம். பாதி வழி வரை சரியாகத்தான் வந்திருக்கிறார்கள். கீழே புதிய உறுமல் கேட்டதும் ஜீப் என்று நினைத்துப் பாதையை விட்டு விலகிவிட்டார்கள். எங்கள் ஹாரன் அவர்களை இன்னும் உள்ளே துரத்தியிருக்கிறது. அவளுடைய கையைப் பிடித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. குழந்தையும் தங்கவில்லை. அவள் புருஷன் என்னைத் திட்டவில்லை. தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஒங்க வண்டின்னு தெரியாமப் போச்சுங்கம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த வாரமே டிரைவரண்ணன் புதிய குழாயைக் கழற்றி எங்கள் சுகாதார நிலையத்துக்குப் பின்னால் போட்டுவிட்டு, விரிசல் விட்ட பழையதையே மறுபடி மாட்டினார். வண்டிக்குள் புகை வராமல் தகரம் அடித்தார். வழக்கம்போல, "ஏறுங்க நர்சம்மா" என்றார். எனக்கு மாற்றல் வந்தபோது என் தட்டுமுட்டுச் சாமான்களோடு இந்தக் குழாயையும் ஏற்றச் சொன்னேன். அவரே தூக்கி வைத்துக் கயிறு கட்டினார்.

பல வருஷம் கழித்து அவருடைய சாவுக்குப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சொன்னார்: "கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிக்கினு இருந்தாரு. நர்சம்மா பழசயே போடுங்கன்னு தலபாடா சொன்னாங்க, நான்தான் கேக்காம பூட்டேன்னு."

மலையில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் புருஷனிடமும் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே அந்தச் சாவு வீட்டுக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மாலையை வைத்துவிட்டுச் சின்னசேலம் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். நல்ல நர்சம்மா என்ற பேரோடு ஓய்வும் பெற்றேன். என்னை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

இரும்புக்காரர் தராசைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்னும் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். என்னை முன்பின் தெரியாத ஆள். அந்த மலையும் தெரியாது, அந்தப் பெண்ணையும் தெரியாது.

"வண்டிக் குழாய். போட வேணாம்னு டிரைவர் சொன்னாரு. நான்தான் போடச் சொன்னேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, "போடலாங்களாம்மா?" என்று தராசைக் காட்டினார். வேண்டாம், அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றேன்.