மாமா குனிந்த வாசல்

மாமா ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர். அதற்கு முந்தியது எல்லாம் ஞாபகம் இருந்தது. அம்மா அவருக்கு அக்கா, நான் அக்கா மகள், தோல் பை தைக்கிறது, எல்லாம் தெரியும். புதிதாக எதுவும் நிற்கவில்லை. காலையில் சாப்பிட்டது மத்தியானம் தெரியாது.

வாடகை கட்ட முடியாமல் அத்தை மாமாவைக் கூட்டிக்கொண்டு மும்பை தாராவியிலேயே சின்ன வீட்டுக்கு மாறினாள். ஒரே அறை, மேலே பரண். பரணைத் தாங்கும் இரும்புக் கர்டர் வாசலுக்கு உள்ளே தாழ்வாகப் போகும். மாமா உயரம். குடிவந்த புதிதில் தினமும் முட்டினார். அத்தை கர்டரில் பழைய சேலையைச் சுற்றினாள். அப்போதும் முட்டினார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான்தான் அவரை டீக்கடைக்குக் கூட்டிப் போவேன். திரும்பும்போது கேட்பார்.

"ஏட்டி, இது யாரு வீடு?"

"உங்க வீடுதான் மாமா."

"போட்டி. நான் இங்க வந்ததே இல்ல."

பை தைக்கிற பட்டறையில் புதுசாக வந்த தையல் மெஷினை மாமாவுக்குப் பழக்கிவிடலாம் என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "மச்சானுக்கு இனி ஒண்ணும் ஏறாதும்மா." மாமாவை ஊருக்கு அனுப்பிவிட்டு அத்தை இங்கே வேலை பார்ப்பது என்று முடிவு செய்தார். மழை முடிந்த சமயம், ரயில் டிக்கெட்டோடு வந்தார்.

டீக்கடையிலிருந்து திரும்பும் வழியில் எங்களைப் பிடித்துக்கொண்டார். மூவருமாக வந்தோம். "யாரு வீட்டுக்குக் கூட்டிட்டு வாறீங்க அத்தான்?" என்று பின்னால் திரும்பிக் கேட்டபடியே மாமா குனிந்து உள்ளே போனார். பின்னால் போன அப்பா முட்டிக்கொண்டார்.

அத்தை சிரிக்கவில்லை. "அண்ணே, அவரு முட்டல."

"தற்செயலா இருக்கும்." அப்பா நெற்றியைத் தேய்த்தார்.

"ஏட்டி, மாமாவ வெளிய கூட்டிட்டுப் போயி வா" என்றாள் அத்தை.

போய் வந்தோம். மாமா குனிந்தார்.

அப்பா டிக்கெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மாமா இத்தனை நாள் நடித்திருக்கிறார் என்று எனக்குக் கோபம். அவரிடமே கேட்டேன். திருதிருவென்று விழித்தார்.

சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை அத்தை வந்து சொன்னாள். மூளைக்குள்ளே நரம்புக்கும் நரம்புக்கும் தொடுப்பு உண்டாம். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தால் சில தொடுப்பு பலப்பட்டு அப்படியே நிற்குமாம். நடந்ததை ஞாபகம் வைக்கிற இடத்தில்தான் அடி. உடம்பு பழகுகிற இடம் வேறு. நான் நம்பவில்லை.

மெஷினும் அப்படித்தான் பழகினார். தினமும், "இது யாரு மெஷினு?" என்பார். கை நூலைக் கோத்துக்கொண்டிருக்கும்.

இப்போது சீத்தா கேம்பில் வேறு வீட்டில் இருக்கிறார்கள். வாசல் நல்ல உயரம். மாமா இன்னும் குனிந்துதான் நுழைகிறார். ஏன் என்று கேட்டால் வாசலை நிமிர்ந்து பார்க்கிறார். அவருக்கும் தெரியவில்லை.