ஐந்து பேருக்கு ஒரு மெயில்

அன்று கரையில் இருந்தவர்கள்: வள்ளத்துச் சொந்தக்காரர். அவர் தம்பி. வேம்பாரிலிருந்து வந்து எங்களோடு சங்கு குளிக்கிற ஒருவர். என் தங்கை மாப்பிள்ளை. நான்.

காற்று பலம். கடலுக்குப் போகவில்லை. வலை பின்னும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சொந்தக்காரர் போனில் ஒரு மெயில் வந்தது. தம்பி எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"அன்புள்ள வாடிக்கையாளரே. உங்கள் கணக்கு இன்று மாலையோடு நிறுத்தப்படும். கீழே உள்ளதை அழுத்தி விவரம் தரவும்." நிமிர்ந்து, "பேங்குலேருந்து வந்துருக்கு," என்றார்.

"ஏலே, யாரு கணக்கு?" என்றார் சொந்தக்காரர்.

"பேரு போடல."

அங்கேதான் குழப்பம். சங்கு குளிக்கிறவர்களுக்கான அடையாள அட்டைக்கு எழுதிப்போட்டபோது கம்ப்யூட்டர் கடைக்காரர் மெயில் கேட்டார். எங்களிடம் ஏது? அவரே ஒன்று உண்டாக்கினார். ஐந்து பேருக்கும் அதையே போட்டார். பிறகு பேங்கில் கேட்டார்கள். அங்கேயும் ஐந்து பேரும் அதையே கொடுத்தோம். அது சொந்தக்காரர் போனில் கிடக்கிறது. அதுவரை அதில் வந்ததெல்லாம் சட்டை விளம்பரம், செருப்பு விளம்பரம்.

"எனக்கு வந்ததா இருக்குமோ?" என்றார் வேம்பார்க்காரர்.

"உன் கணக்குல முந்நூறு ரூவா கெடக்கு. அத நிறுத்த பேங்குக்காரன் மெனக்கெட்டு மெயிலு போடுவானாக்கும்?" என்றார் சொந்தக்காரர்.

சிரித்தோம். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவருக்குக் கேட்கவில்லை. ஆழத்தில் குளித்துக் குளித்து வலது காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. இடது காதும் மங்கிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை மதுரையில் ஆப்பரேஷன். அதற்குச் சேர்த்த பணம் அவர் கணக்கில் இருந்தது. ஆப்பரேஷன் செய்யாமல் இனித் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கு வேறு வேலை தெரியாது.

இடது காதுப் பக்கம் போய் விஷயத்தைச் சொன்னேன். போனைப் பிடுங்கிவிட்டார்.

"பொறும் மாப்பிள்ள. பேங்குல ஒரு வார்த்த கேட்டுட்டு அமுத்தலாம்," என்றேன்.

"சாயங்காலத்தோட நிறுத்துவம்னு சொல்லுதான். எப்பம் போயி எப்பம் கேக்க?"

அழுத்தினார். பாஸ்புத்தகத்தில் இருக்கிற அதே பேங்க் படம் வந்தது. அட்டை நம்பர் கேட்டது. இடுப்புப் பையிலிருந்து ஏ.டி.எம். அட்டையை எடுத்தார். ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். அடுத்து, அட்டையின் பின்பக்கத்து மூன்று எண்களைக் கேட்டது. திருப்பினார். அங்கே ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. கடலுக்கும் அந்தப் பையோடுதான் போவார். உப்புத் தண்ணீரில் ஊறி அந்த இடம் வெளுத்துத் தேய்ந்திருந்தது.

"மச்சான், இது மூணா எட்டா?"

வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எட்டு மாதிரித் தெரிந்தது. மூன்று மாதிரியும் தெரிந்தது. வேம்பார்க்காரர் ஆறு என்றார்.

சொந்தக்காரர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "ஏலே, அட்டை பேங்கு குடுத்தது. அதுல என்ன நம்பருன்னு பேங்குக்குத் தெரியாதா? நம்மகிட்ட எதுக்குக் கேக்கான்?"

அதற்குள் மாப்பிள்ளை பாதி கொடுத்திருந்தார். பாதி கொடுத்தால் பாதிப் பணம் போகுமா, முழுதும் போகுமா என்று தம்பி கேட்டார். அது யாருக்கும் தெரியவில்லை.

ஐந்து பேரும் ஒரே ஆட்டோவில் பேங்குக்குப் போனோம். மாப்பிள்ளை வழி முழுக்க அட்டையைத் துடைத்துக்கொண்டே வந்தார். துடைத்தால் நம்பர் வரும் என்று நினைத்தாரோ என்னவோ.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி இருந்தார். சின்ன வயது.

"அஞ்சு பேருக்குமா பிரச்சினை?"

"ஒருத்தருக்குத்தான் மேடம். யாருக்குன்னு தெரியல," என்றார் சொந்தக்காரர்.

மெயிலைப் பார்த்தார். "இது உங்க யாருக்குன்னும் வரல அண்ணாச்சி. கண்டவங்களுக்கெல்லாம் அனுப்புவாங்க, யாராவது மாட்டுவாங்கன்னு. அதான் பேரு இல்ல. அனுப்பின விலாசத்தப் பாருங்க. நம்ம பேங்க் பேரா இது?"

"படம் நம்ம பேங்கு படந்தான?"

"படத்த யார் வேணும்னாலும் எடுத்து ஒட்டலாம். அட்டை நம்பர், பின்னாடி உள்ள நம்பர், ரகசிய எண், போனுக்கு வர்ற எண், எதையும் பேங்க் மெயில்ல கேட்காது. இப்படி வந்தா அமுத்தாதீங்க. இங்க வாங்க. இல்ல, அட்டைக்குப் பின்னாடி இருக்கிற நம்பருக்குப் போன் பண்ணுங்க."

"இவரு அட்டைக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லையே மேடம்," என்றார் வேம்பார்க்காரர்.

அந்தப் பெண் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். சிரித்துவிட்டார். அந்த மூன்று எண் போகாதது நல்லது என்றார். அட்டையை உடனே நிறுத்தினார். புது அட்டைக்கு எழுதி வாங்கினார். ஆளுக்கு ஒரு மெயில் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். சரி என்றோம். அதற்கும் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம்தான் போக வேண்டும்.

நிஜ மெயில் எது, பொய் மெயில் எது என்று எனக்கு இன்றைக்கும் முழுதாகப் பிடிபடவில்லை. அனுப்பினவர் விலாசத்தைப் பார்க்கிறேன். பார்த்தாலும் சந்தேகம் தீருவதில்லை. அதனால் பணம் பற்றி எது வந்தாலும் தொடுவதில்லை. பேங்குக்குப் போய்க் கேட்கிறேன்.

அன்று பேங்கில் மாப்பிள்ளைக்கு இந்தப் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பணம் இருக்கு," என்று அந்தப் பெண் சத்தமாகச் சொன்னார். கண்ணாடி தடுத்தது. நான் தலையாட்டினேன். அவர் நம்பவில்லை.

"முப்பத்தெட்டாயிரம் இருக்கணும்," என்றார்.

அந்தப் பெண் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். ஐந்து பேரும் குனிந்து பார்த்தோம்.

முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.