சீக்கு வர வேண்டிய வரிசை

இன்று காலை நாற்றுப் பண்ணைக்குள் நுழைந்தால்... புள்ளி விழுந்த இலை ஒன்றுகூட இல்லை!

நேற்று மாலை வரை இருந்தது. (கனவில் இல்லை, என் கண்ணாலேயே பார்த்தேன்!)

மலேசியாவில் சிகாமட் பக்கம் பால்மரக் கன்றுகளை, அதாவது ரப்பர் கன்றுகளை, சோதிப்பது என் வேலை. ஆறு ரகங்கள் மேல் பூஞ்சையைத் தெளித்து, எது இலையுதிர்வு நோயைத் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஓர வரிசையில் இருப்பது எப்போதும் நோயில் விழும் ரகம். அதில் புள்ளி வந்தால்தான் நோய் சரியாகப் பரவியது என்று நம்பலாம். வராவிட்டால் மற்ற ஐந்தும் தாங்கியதா, தப்பியதா என்றே தெரியாது.

"சரோஜாக்கா! எலயெல்லாம் எங்கக்கா?"

பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பெருமையாகச் சிரித்தார்.

"இன்னிக்கு பெரியவரு வராரு இல்ல? சீக்கு எல அவரு கண்ணுல படலாமா? வெள்ளனவே வந்து ஒன்னு விடாம பறிச்சிட்டேன்லா!"

ஐயோ, அலமாக்!

தோட்டத்தில் பெரியவர், அதாவது மேலதிகாரி, வருகிறார் என்றால் குப்பைகூடக் கண்ணில் படக்கூடாது. அக்கா அப்படியே பழகியவர். யாரைத் திட்டுவது?

பறித்த இலையெல்லாம் எது எந்த ரகம் என்றே தெரியாமல் ஒரே சாக்கில் கலந்து கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதல் சோதனை வெள்ளத்தில் போனது. இதுவும் போனால் திட்டத்தையே மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

பத்து மணிக்குப் பெரியவர் வந்தார். பச்சைப் பசேலென்று நின்ற கன்றுகளைப் பார்த்து, "செமுவா பாகுஸ்!" என்றார். (எல்லாமே நல்லாயிருக்காம்!) ஆறு ரகத்தையும் சிறுதோட்டக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாமாம்.

தலையாட்டியிருந்தால் எனக்குக் கைதட்டல். நம்பி நட்டவர்களுக்கு மொட்டை மரம்.

"இல்ல துவான். சீக்கு எலய பறிச்சிட்டாங்க. இது ரிசல்ட்டே இல்ல. எனக்கு இன்னொரு சான்ஸ் வேணும்."

மலாயில், துவான் என்று மரியாதையாகவே, ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். 

அவர் என்னைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவ. அதுக்கு மேல கேக்காத."

போதும்! மதியமே புதுக் கன்றுகளை அடுக்கி, மறுபடியும் பூஞ்சையைத் தெளித்தேன். விடுவேனா!

அக்கா முகம் வாடி நின்றார். "நல்லதுன்னு நெனச்சுதாம்மா பண்ணேன்."

ஓர வரிசைக்கு ஏன் நோய் வர வேண்டும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு நேராக அந்த வரிசை முன்னால் போய் நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"முருகா! இதுங்களுக்கு மட்டும் நல்லா சீக்கு வரணும்பா!"

நான் சர்ச்சுக்குப் போகிறவள்.

இருந்தாலும் சத்தமாக ஆமென் சொல்லிவிட்டேன்!