வரிசைத் தேவி முட்டி போட்ட பக்கம்

அந்தப் பதிப்பகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சித்திரக்கதைப் பலூன்களுக்குள் வசனத்தைக் கையால் எழுதுவது அவள் வேலை. கையெழுத்து அவ்வளவு அழகு என்பதால் 'முத்தெழுத்து' என்று பெயர் விழுந்து, பதினோரு வருஷத்தில் அதுவே ஒட்டிக்கொண்டது.

தங்கச்சிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போன வருஷம், வாரத்துக்கு இரண்டு நாள் இருவரும் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார்கள். தங்கச்சியைச் சிரிக்கவைக்க அக்கா ஒரு கதை கட்டினாள். இந்தக் காலத்துக் கடவுள்கள் ஒருத்தரையொருத்தர் அடித்துக்கொள்கிற கதை. மின்சாரத்துக்கு ஒரு கடவுள், சிக்னல் விளக்குக்கு ஒருத்தர், செல்போன் கோபுரத்துக்கு ஒருத்தர். அத்தனை பேரோடும் மல்லுக்கு நிற்பவள் வரிசைத் தேவி. தங்கச்சியைப் போலவே இடது காலை இழுத்து இழுத்து நடப்பாள்.

"அவ யாரையும் அடிக்க மாட்டாளா அக்கா?"

"எதுக்குடி அடிக்கணும்? 'பின்னாடி போய் நில்லு'ன்னா எப்பேர்ப்பட்ட சாமியும் நிப்பான்."

தங்கச்சி அடுத்த மழைக்காலத்தைப் பார்க்கவில்லை. வேலைக்குத் திரும்பிய வாரம், மனசு தாங்காமல் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதையை மாஸ்டரிடம் சொன்னாள். மாஸ்டர் அங்கே தலைமை ஓவியர். கை காய்ந்துபோகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எட்டு மாதம் கழித்து அது தொடராக வந்தது. கதையும் ஓவியமும் மாஸ்டர் என்று அட்டையில் கொட்டை எழுத்து. மின்சாரக் கடவுளுக்குத் தன் மூக்கையே வைத்திருந்தார். அவள் போய்க் கேட்டாள்.

"வாயால சொன்னதெல்லாம் கதையாயிடுமாம்மா? நான் வரைஞ்சேன், கதையாச்சு. உன் வேலை எழுத்து. அதைப் பாரு."

பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பது இதழ்களுக்கு எழுதினாள். பத்தாவதில் கடைசிப் போர். வரிசைத் தேவி முட்டி போட்டு, இழுத்து நடக்கும் அந்த இடது காலை ஒரு பக்கம் மடக்கி, மின்சாரக் கடவுளின் செருப்பில் முகம் புதைத்திருந்தாள். 'உங்கள் காலடியே எனக்குக் கதி' என்று வசனம். அவள் பேனா நின்றது. எத்தனை நாள் பிடித்துவிட்ட கால் அது! அவள் அழவில்லை. கருவினாள்.

எழுதி முடித்த பக்கங்கள் மெய்ப்பு பார்ப்பவரிடம் போய், அங்கிருந்து நேராக அச்சுக்குப் போகும். அவரைப் 'பிழை அண்ணன்' என்பார்கள். முத்தெழுத்தின் பக்கங்களில் ஒரு கால்புள்ளி கூடத் தவறிப் பார்த்ததில்லை என்பதால், வாங்கியதும் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். அது அவளுக்குத் தெரியும்.

மின்சாரக் கடவுளின் பலூனில் இப்படி எழுதினாள்: 'நான் திருடன். இவளைப் படைத்தது நானல்ல. முத்தெழுத்து தன் செத்துப்போன தங்கைக்காகப் படைத்தாள்.' தேவியின் பலூனில்: 'கும்பிடக் குனியவில்லையடா. இந்தச் செருப்பாவது உன் சொந்தமா என்று பார்க்கிறேன்.'

புத்தகம் கடைக்குப் போய்ச் சிரிப்பாய்ச் சிரித்தது. ஒரு கடையில் வாசகர் ஒருவர் மாஸ்டரிடம் அந்தப் பக்கத்தை நீட்டி, "இந்த மூக்குக்குக் கீழே கையெழுத்துப் போடுங்க சார்" என்றாராம். கேள்விப்பட்ட அன்று அவளுக்குச் சாப்பாடு ருசித்தது.

வேலை போனது. அது தெரிந்ததுதான், பேனாப் பெட்டியை முதல் நாளே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். ஆனால் முதலாளி பிழை அண்ணனையும் சேர்த்தே அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள் அவருக்கு. அவர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை.

"உங்களுக்கு என்ன ஆகும்னு நினைச்சுப் பார்த்தேண்ணே. பார்த்தும் பண்ணிட்டேன்."

"முன்னாடியே சொல்லியிருந்தா நானும் ரெண்டு வரி சேர்த்திருப்பேன்" என்று அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "ஆனா உம்மேல வச்சிருந்த நம்பிக்கையத் தூக்கிக் குப்பையில போட்டுட்டியேம்மா."

அந்தச் சொல் அவளை அறுத்தது. அதற்கும் சேர்த்து மாஸ்டர் மேல்தான் ஆத்திரம் ஏறியது.

இதற்கிடையே வாசகர்களின் கடிதங்கள் மூட்டையாய் வந்தன. தேவியின் கதையை அந்த அக்காவே எழுதட்டும் என்று ஒரே பாட்டு. முதலாளி ஆள் அனுப்பினார். அவள் மூன்று கேட்டாள்: பிழை அண்ணனுக்கு வேலை, அட்டையில் தன் பெயர், கதை யாருடையது என்று மாஸ்டர் எல்லார் முன்னாலும் வாய் திறந்து சொல்ல வேண்டும். முதலாளி மூன்றுக்கும் தலையாட்டினார்.

மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"கேக்கல" என்றாள்.

இன்னொரு தரம் சொன்னார்.

"கேக்கல மாஸ்டர். பின்னாடி நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

மூன்றாவது தரம், அச்சுக்கூடத்து ஆட்களும் வாசலில் வந்து நிற்க, "கதை அவங்களோடது. நான் எடுத்துக்கிட்டேன்" என்று கத்தியே சொன்னார். முகம் கறுத்துப்போயிற்று. கூட்டம் கலைந்த பிறகு மேஜையருகே வந்து, "இப்பத் திருப்திதானேம்மா?" என்று கேட்டார்.

"இல்ல" என்று சொல்லிவிட்டு, அவர் வரைந்து வைத்திருந்த அடுத்த பக்கத்தை வாங்கக் கையை நீட்டினாள்.