அக்காவின் எண்கள்

பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்த என்னை வாசலில் பார்த்துவிட்டு என் கணவர் கேட்டார்: "இடது கால் செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். வலது காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது. கடலூர் செம்மண்டலம் நிறுத்தத்திலிருந்து சரளைக்கல் கிடக்கும் சாலையில் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறேன். எனக்குத் தெரியவே இல்லை.

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை. சிதம்பரத்தில் இருந்த என் அக்கா வசந்தாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. காலில் ஏறிய ஆணி அவளுக்கு வலிக்கவில்லை. புண் ஆறாமல் முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே. அடுத்த ஆண்டு அவள் இல்லை.

எனக்கும் ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. பக்கத்து ஊரில் ஒரு பள்ளியில் எழுத்தர் வேலை, தினமும் பேருந்துப் பயணம், பரிசோதனைக்கு நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் இருந்தது. பயம்தான்.

செருப்பு தொலைந்த பிறகுதான் போனேன். கடலூர் மருத்துவர் கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொடுவார்; தெரிந்தால் சொல்ல வேண்டும். வலது காலில் சொன்னேன். இடது காலுக்குக் காத்திருந்தேன்.

"எப்ப டாக்டர் ஆரம்பிக்கப் போறீங்க?"

"முடிஞ்சிடுச்சும்மா. பத்து எடத்துல தொட்டுட்டேன்."

ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஏழுக்குள் இருக்க வேண்டியது, பத்தைத் தாண்டியிருந்தது. போன உணர்வு திரும்புவது கடினம், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். வீட்டிலேயே சோதித்து எழுதி வரச் சொன்னார்.

அக்காவின் சர்க்கரை பார்க்கும் கருவியை மாமா, அதாவது அவள் கணவர், எடுத்துக் கொடுத்தார். புதிய பட்டைகள் (ரத்தத்துளியைத் தொட்டு வைக்கும் காகிதக் கீற்றுகள்) மட்டும் வாங்கினேன். வீட்டில் பொத்தானை அழுத்தியபோது பழைய எண்கள் வந்தன. 342. 388. 367. 410. ஞாயிறுதோறும் தொலைபேசியில் கேட்பேன். "நூத்தி இருவதுதான்டி. நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். நானும் நம்பினேன். தீபாவளிக்கு அதிரசம்கூடக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தக் கருவியில் குறிப்பிட்ட அளவு எண்களுக்குத்தான் இடம். நான் ஒருமுறை சோதித்தால் அவளுடைய பழைய எண் ஒன்று அழியும். இது தெரிந்த பிறகு பல நாள் அதைத் தொடவில்லை. மாமாவிடம் சொன்னேன்.

"அவ போயிட்டா, செல்வி. நீ பாக்காம இருந்தா திரும்பி வரப் போறாளா? அழியட்டும் வுடு."

மறுநாள் காலை விரலைக் குத்திக்கொண்டேன். 291.

அதன்பின் நடந்ததில் அதிசயம் எதுவுமில்லை. ஐந்து இட்லி இரண்டானது. காய் போட்ட சாம்பார் கூடியது. மதியம் ஒரு கிண்ணம் சோறு, தட்டு நிறையக் கீரையும் காயும், கிடைத்தால் மத்தி மீன் குழம்பு. சாப்பிட்ட பின் பள்ளி மைதானத்தில் மூடிய காலணியோடு பதினைந்து நிமிட நடை. வெயிலில் கோயில் கற்களில் வெறுங்காலோடு நடப்பதை விட்டேன். உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். முதல் மாதம் பசியில் அழுதிருக்கிறேன், இதைப் படிப்பவர்களிடம் மறைக்க விரும்பவில்லை. எட்டு மாதத்தில் அந்த மூன்று மாதச் சராசரி ஏழுக்கு வந்தது. அக்காவின் எண்களில் ஒன்றுகூட இப்போது மிச்சமில்லை.

போன மாதம் வடலூரில் ஒரு கல்யாணம். பாயசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்தேன். வீடு திரும்பிச் சோதித்தால் 268. அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து மகள் நித்யா அழைத்தாள். "எவ்ளோம்மா இருக்கு?"

"நூத்தி இருவது" என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அது என் குரலாகக்கூட இல்லை.

"எரநூத்தி அறுவத்தெட்டு" என்றேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "சரி, தண்ணி குடிச்சிட்டு நடந்துட்டு வா. நான் லைன்லயே இருக்கேன்" என்றாள்.

நடந்தேன். இடது கால் தரையைத் தொடுவது எனக்குக் கண்ணால்தான் தெரியும். அது வேறு யாருடைய காலோ போல என் கூடவே வருகிறது. என் நாளில் காலை, மாலை என்பதெல்லாம் போய்விட்டது. சாப்பாடு, அதற்குப் பின் இரண்டு மணி நேரம், ஒரு சொட்டு ரத்தம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு அப்பால் நான் யாருக்கும் எந்த வாக்கும் கொடுப்பதில்லை, எனக்குக்கூட.