கனகாவின் பூண்டுப் பெட்டி

எங்கள் ஊரில் அப்போது ரொட்டி வாங்கினால் வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம். கடைக்காரரே "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார். ஒரு வீட்டிலிருந்து தினமும் பூண்டு சுடும் வாசனை வந்தால் அங்கே ஒருத்தி பிள்ளை பெற்றிருக்கிறாள், பால் சுரக்கக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். காதில் பஞ்சு வைத்துத் தலையைச் சுற்றித் துணியும் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு 1969-ல் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையே சேர்ந்து கனகாவுக்கு ஒரு பிள்ளையைப் பிறக்க வைத்தது. அந்தப் பிரசவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இதை நான் எழுத வேண்டியிருக்கிறது.

கனகாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பிறந்தது கருவேப்பிலங்குறிச்சி, கட்டிக் கொடுத்தது திட்டக்குடி. ஆறு வருடமாகியும் பிள்ளை இல்லை என்றதும் புருஷன் நடராசன் ஊரைக் கூட்டி அவளை மலடி என்று சொல்லி அனுப்பிவிட்டு, பூவாயி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். கனகா அண்ணன் வீட்டில் போய் மூலையில் உட்காரவில்லை. நேராக விருத்தாசலத்துக்கு பஸ் ஏறினாள். பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் கப்புகளுக்குக் கைப்பிடி ஒட்டும் வேலை கிடைத்தது. பலகையில் எனக்குப் பக்கத்து இடம். என் பெயர் அமிர்தம். அவளைவிட மூன்று வயது மூத்தவள், வாயை மட்டும் கணக்கெடுத்தால் இன்னும் மூத்தவள்.

கைப்பிடி ஒட்டுவது பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். களிமண் குழம்பைத் தொட்டு, ஈரக் கப்பில் வைத்து, ஒரே அழுத்து. நான் ஒட்டியதில் பத்துக்கு ஒன்று சூளையில் விட்டுவிடும். கனகா ஒட்டியது விடாது. மேஸ்திரி கோதண்டபாணி அதை ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது என்னிடம் சொல்லிக் காட்டுவார். எனக்கு அதில் வயிற்றெரிச்சல் இருந்தது, மறைப்பானேன்.

அந்த ஆவணியில் அவளுக்குக் காது வலியும் காய்ச்சலும் வந்தன. ஆஸ்பத்திரியில் ரொட்டி சாப்பிடச் சொன்னார்கள். காதில் விடுவதற்குப் பூண்டை எண்ணெயில் காய்ச்ச வேண்டும். அவளிடம் கம்பெனியில் கழித்துப் போட்ட மண்பெட்டி ஒன்று மூடியோடு இருந்தது. நெருப்பு நேராகப் படாமல் இருக்க, கப்புகளை அந்த மாதிரிப் பெட்டிக்குள் வைத்துத்தான் சூளையில் அடுக்குவோம். எந்தச் சூட்டுக்கும் அசையாது. முழுப் பூண்டுகளை அதில் போட்டு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை எண்ணெய் ஊற்றி, மூடித் தணலில் புதைத்துவிட்டு உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப் போனாள்.

எழுந்து திறந்து பார்த்தால் பூண்டு கருகவில்லை. தோலைப் பிதுக்கியதும் வெண்ணெய் மாதிரி வெளியே வந்தது. வெல்லத்தின் நிறம். காரம் போய் ஒரு இனிப்பு வந்திருந்தது. உப்பும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் போட்டு விரலாலேயே நசுக்கி, சப்பென்று தொண்டையில் இறங்காமல் கிடந்த ரொட்டியில் தடவினாள். முழு ரொட்டியையும் ஒரே மூச்சில் தின்று தீர்த்தாளாம். "காய்ச்சல் அன்னிக்கே போயிடுச்சுக்கா, ரொட்டிதான் போவல" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அவள் வீட்டில் பூண்டு வெந்தது.

எட்டாம் நாள் வேலைக்கு வந்தாள். காதில் பஞ்சு, தலையில் துணி, பையில் ரொட்டி, மேலெல்லாம் பூண்டு வாசனை. அவள் குடியிருந்த வரிசை வீட்டுக்குச் சொந்தக்காரி ஆண்டாளம்மா ஒரு வாரமாகவே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "பக்கத்துலயே ஒக்காந்திருக்கிற, அவ வவுறு தெரியலயா ஒனக்கு?"

தெரியும். வருடக்கணக்காகத் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தவளுக்கு அவள் வயிறு தட்டையாக இருந்தது தெரியாதா? ஆனால் அன்று காலையிலும் மேஸ்திரி கைப்பிடியைப் பற்றிப் பேசியிருந்தார். நான் சொன்னது இதுதான்: "மேல சாக்குத் துணி கட்டிக்கிட்டுல்ல வேல செய்யறோம், உள்ள என்னா இருந்துச்சுன்னு யாரு கண்டா?"

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. சாயங்காலத்துக்குள் பிள்ளை ஆண் என்றார்கள். மறுநாள் அதை மணிமுத்தாற்றில் விட்டுவிட்டாள் என்றார்கள். அதற்கு மறுநாள் மேஸ்திரி அவளை வாசலிலேயே நிறுத்தி, பேச்சு அடங்குகிறவரை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார். ஆண்டாளம்மா ஞாயிற்றுக்கிழமை வரை கெடு கொடுத்தாள். மருத்துவச்சி ராஜம்மாள் வந்து கனகாவின் உடம்பைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேலையும் வீடும் போனால் கனகாவுக்கு மிஞ்சுவது அண்ணன் வீட்டு மூலைதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அதுவரை வீட்டுக்குள் பூண்டு சுட்டவள் அன்று அடுப்பை வாசலுக்கே தூக்கி வந்திருந்தாள். மேஸ்திரி, ஆண்டாளம்மா, ராஜம்மாள், தெருப் பெண்கள் எல்லோரும் சுற்றி நிற்க, அவள் மண்பெட்டிக்கு மேல் தணலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ராஜம்மா பாத்துட்டு ஒண்ணுமில்லன்னா நீ பாட்டுக்கு இரு. எனக்கென்ன" என்றாள் ஆண்டாளம்மா.

"நீங்க வாடகைக்கு வுட்டது வூட்டத்தாங்க. அத உள்ள வந்து பாருங்க. என் ஒடம்ப யாரும் பாக்க முடியாது."

மேஸ்திரி கொஞ்சம் இறங்கி வந்தார். "ஒரே ஒரு வார்த்த, இல்லன்னு சொல்லிடேன். நாளைக்கே வேலைக்கு வா."

"இல்லன்னு சொன்னா நீங்க கேட்டது சரின்னு ஆயிடும். சொல்ல மாட்டேன்."

அந்த நேரத்தில்தான் நடராசன் வந்து சேர்ந்தான். திட்டக்குடி பஸ்ஸிலேயே செய்தி போயிருந்தது. சட்டையெல்லாம் வியர்வை. அவனுக்கு இருந்த கவலை வேறு. ஊரைக் கூட்டி மலடி என்று சொன்னவளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டால் குறை யாரிடம் என்று நாலு பேர் கேட்பார்களே. அவனும் ராஜம்மாளிடம்தான் கெஞ்சினான். "பாத்து சொல்லுங்கம்மா. இவளுக்குப் புள்ள பொறக்காதுங்க, நான் சத்தியம் பண்றேன்." பிள்ளை பெற்றாள் என்று ஒரு கூட்டம், பெறவே மாட்டாள் என்று ஒருத்தன். இரண்டு பேருக்கும் நடுவில் அவள் தணலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

ராஜம்மாள் இரண்டு பேருக்கும் பதில் சொல்லாமல் அடுப்பருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மூடியை ஒரு குச்சியால் தள்ளி, ஒரு பூண்டுப் பல்லைப் பிதுக்கி, பக்கத்துத் தட்டில் கனகா முன்பே நசுக்கி வைத்திருந்ததையும் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"பச்ச ஒடம்புக்காரிக்குப் பூண்டக் கருப்பட்டியோட குடுப்போம். இதுல மொளகாத்தூள் கெடக்குது. பால் குடுக்கறவ இத தின்னா புள்ள வவுறு எரிஞ்சு கத்தும். இது வாய்க்கு ருசியா சுட்ட பூண்டு, புள்ளைக்கு சுட்டது இல்ல. நான் எத்தன வூட்டுக்கு சுட்டுக் குடுத்திருப்பேன், எனக்குத் தெரியாதா" என்றவள், இன்னொரு பல்லையும் எடுத்துக்கொண்டாள்.

கூட்டம் கலகலத்துவிட்டது. ஆண்டாளம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நடராசனுக்குத்தான் உயிர் வந்தது. "நான்தான் அப்பவே சொன்னனே. மலடிங்க அவ" என்றான் எல்லோரையும் பார்த்து.

கனகா அப்போதுதான் எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை, மரியாதையையும் விடவில்லை.

"பூவாயி வந்து நாலு வருசமாச்சுங்களே. உங்க வூட்டுல ஒரு நாளாச்சும் பூண்டு சுட்டீங்களா?"

யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். அதன்பின் எங்கள் தெருவில் அவனைப் பார்த்த நினைவில்லை.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பயம்தான் வந்தது. அவனுக்கு இப்படிக் கொடுத்தவள் எனக்கு என்ன வைத்திருக்கிறாளோ என்று.

மேஸ்திரி போகும்போது, "நாளைக்கு வேலைக்கு வா. ஆனா இந்த ரொட்டி, பூண்டு எல்லாத்தையும் வுட்டுடு. மத்தவங்களாட்டம் சோறு கட்டிக்கிட்டு வா" என்றார். ஆண்டாளம்மாவும் வாசனை ஆகாது என்று முணுமுணுத்தாள். கனகா அந்த வீட்டில் இன்னும் ஒன்பது வருடம் இருந்தாள். எழுபத்தாறில் கோதண்டபாணி வேலையை விட்டுப் போனபோது கைப்பிடிப் பலகைக்கு அவள்தான் பொறுப்பு. பூண்டை ஒரு நாளும் விடவில்லை. எழுபதுகள் முடிவதற்குள் காய்ச்சல் இல்லாமலே ரொட்டி வாங்குகிற வீடுகள் எங்கள் தெருவில் ஏழெட்டு ஆகிவிட்டன. ஆனால் நான் சொல்ல வேண்டியது அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி.

அன்று மத்தியானம் சாப்பாட்டு வேளையில் அவள் மண்பெட்டியையே துணியில் கட்டிக் கொண்டுவந்து, மேஸ்திரி கண்முன் பலகையில் வைத்துத் திறந்தாள். ஷெட் முழுக்க வாசனை பரவியது. "என்னா சொன்னேன் நேத்து?" என்று வந்தார்.

"கைப்பிடி எப்படி ஒட்டணும்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். என்னா திங்கணும்னு சொல்லாதீங்க மேஸ்திரி."

அவள் இல்லாத நாட்களில் அவள் வேலையையும் சேர்த்து அவசரமாக நான் ஒட்டியதில் பாதி கைப்பிடி இல்லாமல் சூளையிலிருந்து வந்து மூலையில் குவிந்து கிடந்தது. அவர் அந்தக் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

கனகா ரொட்டியை வெட்டி, பூண்டைத் தடவி, பலகையில் இருந்த பெண்களுக்கு வரிசையாகக் கொடுத்தாள். நானும் கையை நீட்டினேன். என் கையைத் தாண்டி அடுத்தவளுக்குக் கொடுத்தாள். கையை மடக்கிக்கொள்ளவும் முடியாமல், நீட்டிக்கொண்டிருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"சாக்குத் துணிக்கு உள்ள என்னா இருந்துச்சுன்னு இப்ப தெரியுமாக்கா?"

"தெரியும்."

"அன்னிக்கு?"

ஷெட்டில் ஒருத்தரும் மெல்லவில்லை. "அன்னிக்கும் தெரியும்" என்றேன்.

"எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றாள். இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகு ரொட்டியின் கடைசித் துண்டை எடுத்து, பெட்டியின் அடியில் ஒட்டித் தீய்ந்திருந்ததைச் சுரண்டித் தடவி என் கையில் வைத்தாள். கசந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் முழுவதையும் தின்றேன்.